அசல் மகாகனியைக் காயை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

புளியரையில் எங்கள் தோட்டத்து வேலியோரம் 1994-இல் அப்பா வைத்த மரங்கள் நிற்கின்றன. நாற்று போட விதை பொறுக்கப் போனபோதுதான் தெரிந்தது, அவற்றில் பாதி ஆப்பிரிக்க மகாகனி. கேரள எல்லையான கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கம் ஆரியங்காவிலும் சரி, இரண்டையுமே மகாகனி என்றுதான் விற்கிறார்கள். அசல் மகாகனி ஸ்வீட்டேனியா பேரினம், அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். மற்றது காயா என்ற வேறு பேரினம். இரண்டுமே வேம்புக் குடும்பம்.

முதலில் இலை. கூட்டிலை (ஒரே காம்பில் பல சிற்றிலைகள்) நுனியில் ஒரு ஜோடிச் சிற்றிலையோடு முடிய வேண்டும், ஓரம் பல்லில்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். இதை வைத்து வேம்பை ஒதுக்கலாம், அவ்வளவுதான். காயாவுக்கும் இலை இப்படியேதான். சின்னக் கன்றில் கூட்டிலையே இருக்காது, தனி இலைதான் வரும். அதனால் கன்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தாய் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது காய். நான் தடுமாறியது இங்கேதான். 'மகாகனி காய் காம்புப் பக்கமிருந்து வெடிக்கும், காயா நுனிப் பக்கமிருந்து வெடிக்கும்' என்று படித்துவிட்டு, தரையில் கிடந்த ஓடுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதிர்ந்த ஓட்டில் எது காம்பு, எது நுனி என்றே தெரியவில்லை. வெடிக்காத, பழுப்பேறிய காயைத் தொரட்டியால் பறியுங்கள். காம்போடு நிழலில் வைத்துவிட்டுத் தினமும் பாருங்கள். அசல் மகாகனி என்றால் கட்டை போன்ற தடித்த ஓடு காம்படியில் விட்டுக்கொடுத்து, ஐந்து கீற்றாக மேல்நோக்கிக் கழன்று வரும். நடுவில் ஐந்து பக்கங்கள் உள்ள ஒற்றைத் தண்டு. விதைகள் அதன் உச்சியில் இறக்கையால் ஒட்டிக்கொண்டு, ஓட்டுக்குள் நெருக்கி அடுக்கியிருக்கும். என் காயில் எண்ணினேன், 46. ஒன்றை எடுத்து மாடியிலிருந்து விட்டால் விசிறி மாதிரி சுழன்று இறங்கும். காயாவின் காய் சிறிய உருண்டை. விதை வட்டத் தகடு, இறக்கை சுற்றிலும் மெல்லிய விளிம்பாக மட்டும் இருக்கும்.

பூக்கும் காலம் என்றால் 10 மடங்கு கைலென்ஸ் ஒன்று போதும். மகாகனிக்கு இதழ் ஐந்து, மகரந்தப்பை பத்து. எங்கள் காயா மரத்தில் இதழ் நான்குதான். கைப்பேசி ஆப்களை இதற்கு நம்ப வேண்டாம். நான் போட்டுப் பார்த்தவை இலையை மட்டும் பார்த்து இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லின.

சேர்க்கை: 'எங்கள் மரத்தில் காயும் சின்னது, சிற்றிலையும் சின்னது, ஆனால் ஓடு காம்படியில்தான் விடுகிறது' என்று ஒருவர் கேட்டிருந்தார். அது மேற்கிந்தியத் தீவுகளின் சிற்றிலை மகாகனி. அதுவும் அசல்தான், வளர்வது மெதுவாக. ஸ்வீட்டேனியாவில் மொத்தம் மூன்று இனங்கள். நம் தோட்டங்களில் அதிகம் இருப்பது பெரிய இலை இனம். ஜார்ஜ் கிங் 1886-இல் அதற்குப் பெயர் வைத்ததே கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வளர்ந்த மரங்களைப் பார்த்துத்தான்.

விதையை எடுத்தால் வைத்திருக்காமல் சீக்கிரம் ஊன்றிவிடுங்கள். முளைக்கும் திறன் வேகமாகக் குறைந்துவிடும்.