சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பது எப்படி?

எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அரிவாளால் ஒரு வெட்டு, அதன்மேல் கொஞ்சம் பூச்சு. நாலு மழை பெய்தால் சிவந்த துளிரோடு அதே இடத்தில் நிற்கும். மூன்று வருடம் இப்படியே ஓட்டினேன். நாலாம் வருடம் பூச்சைத் தட்டிப் பார்த்தால், வெளியே பென்சில் தடிமனில் இருந்த கன்றுக்கு உள்ளே கட்டைவிரல் தடிமனில் வேர். செங்கல் இடுக்கில் நசுங்கி, பட்டையாக இரண்டடி தூரம் ஓடியிருந்தது.

காக்கையும் மைனாவும் அரசம்பழம், ஆலம்பழம் தின்று எச்சம் போடும் இடத்தில்தான் இவை முளைக்கும். சன்ஷேடு மூலை, மழைநீர்க் குழாய் ஓரம், பூச்சு வெடித்த இடம் என்று முதலில் ஒரு சுற்றுப் பாருங்கள். ஏணி போட்டால் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பக்கத்தில் கரண்ட் வயர் போனால் அந்தக் கன்றில் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

நாலைந்து இலைதான் விட்டிருக்கிறதா? மழை பெய்த மறுநாள் எடுங்கள். மழை இல்லையென்றால் இடுக்கில் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் ஊறவிடுங்கள். தண்டின் அடியைப் பிடித்து லேசாக ஆட்டி ஆட்டி இழுத்தால், நூல் மாதிரி வெள்ளை வேர் முழுசாக வரும். பாதியில் அறுந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

தண்டு முற்றியிருந்தால் இழுக்காதீர்கள், செங்கலும் சேர்ந்து வரும். ஒரு சாண் விட்டு மேலே அறுத்துவிடுங்கள். அந்த மிச்சம் பிடிமானத்துக்கு. பிறகு சுத்தியல் பிடியால் பூச்சைத் தட்டுங்கள். வேர் ஓடிப் பூச்சு விட்டுப்போன இடத்தில் பொக்கென்று சத்தம் வரும். அங்கே மட்டும் மெல்லிய உளியால் திறந்து, வேரின் போக்கிலேயே போங்கள். வேர் தூணுக்குள்ளோ பீமுக்குள்ளோ போனால் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு எடுத்தாலும் நுனி கொஞ்சம் உள்ளே தங்கும். அதற்கு ஆசிட், கல்லுப்பு என்பார்கள். இரண்டும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், வேண்டாம். ஓட்டை போட்டுப் பெருங்காயம் அடைத்தும் பார்த்தேன், ஜம்மென்று துளிர்த்தது. பெருங்காயம் சாம்பாருக்கே இருக்கட்டும். சிரமமில்லாத வழி, துளிர் வருவது நிற்கும்வரை பூசாமல் திறந்தே விடுவதுதான். துளிர் தலைகாட்டியதும் கிள்ளிக் கிள்ளி எறிந்தால் வேரில் சேர்த்து வைத்தது தீர்ந்துபோகும்.

அப்புறம் இடுக்கைத் துடைத்து, நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் கலந்து கரணையால் அழுத்தி அடையுங்கள். ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். குழாய் கசிந்துதான் ஈரம் என்றால் அதையும் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த விதைக்கு இடம் தயார்.

அஸ்திவாரத்தை ஒட்டி வரும் வேப்பங்கன்றுக்கு இவ்வளவு பாடு இல்லை. தரையோடு வெட்டினால் தூரிலிருந்து தழையும் என்பதால், முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் கடப்பாரையால் நெம்பி ஆணிவேரோடு எடுத்துவிடுங்கள்.

வேரோடு வந்த அரசங்கன்றை எறிய மனம் வராது. எங்களுடையதை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் ஏரிக்கரையில் ஊன்றினோம். பிடித்துக்கொண்டது.