ஸ்னோ மேப்பைப் பார்த்து டிக்கெட்டை மாற்றாதீர்கள்: நியூஜெர்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் போதும், எடிசன், ஐஸலின் பக்கம் இருக்கிற எந்தத் தமிழ் வாட்ஸாப் குழுவிலும் ஒரு படம் வந்து விழும். கிழக்குக் கரை முழுக்க ஊதாவும் பிங்க்கும் அப்பிய வரைபடம், நம் வீடு இருக்கிற இடத்தின் மேல் 28 இன்ச் பனி என்றோ 31 என்றோ ஒரு எண், கீழே "அடுத்த சனிக்கிழமை பெரிய சம்பவம் இருக்கு" என்று ஒரு வரி. எந்த ஜாக்கெட் நல்லது, எந்த பூட்ஸ் வழுக்காது என்பதையெல்லாம் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்தப் படத்தை நம்பிக் காசு போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

கட்டாயமானதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஷவலும் பனி உருக்குகிற உப்பும் டிசம்பர் முதல் வாரமே வாங்கிவிடுங்கள், புயல் செய்தி வந்த பிறகு கடையில் காலி அலமாரிதான் இருக்கும். வீட்டு முன்னால் உள்ள நடைபாதையைச் சுத்தம் செய்வது உங்கள் பொறுப்பு, எத்தனை மணி நேரத்துக்குள் என்பது டவுன்ஷிப்புக்கு டவுன்ஷிப் மாறும், வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் யார் பெயரில் அந்த வேலை இருக்கிறது என்று பாருங்கள். காரின் கண்ணாடியை மட்டும் சுரண்டிவிட்டுக் கிளம்பக் கூடாது, கூரையில் இருக்கிற பனியையும் தள்ளியாக வேண்டும். நியூஜெர்சியில் இது சட்டம், தள்ளாவிட்டால் 25 முதல் 75 டாலர் வரை அபராதம், உங்கள் கூரையிலிருந்து பறந்த ஐஸ்கட்டி பின்னால் வருகிறவர் மேல் விழுந்து சேதமானால் 200 முதல் 1,000 டாலர் வரை போகும். இன்னொன்று, இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்: பனியில் புதைந்த காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பின்பக்கப் புகைக்குழாயைத் தோண்டி எடுங்கள். 2016 ஜனவரிப் புயலில் இதே மாநிலத்தில், பசாயிக்கில், அப்பா வெளியே பனி தள்ளிக்கொண்டிருக்க, குளிருக்காக ஓடுகிற காருக்குள் உட்கார்ந்திருந்த அம்மாவையும் குழந்தைகளையும் கார்பன் மோனாக்சைடு கொன்றது. புகைக்குழாய் பனியில் அடைபட்டிருந்தது. வீட்டு ஹீட்டரின் குழாய் பக்கச் சுவரில் தாழ்வாக வெளியே வந்தால் அதைச் சுற்றியும் அப்படியே தள்ளிவிடுங்கள்.

சரி, இப்போது அந்தப் படம்.

என் நண்பர் தஞ்சாவூர்க்காரர். அவருக்கு இங்கே முதல் குளிர்காலம். அப்பாவும் அம்மாவும் வந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை இரவு நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து ஊருக்குத் திரும்புவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் பொங்கல். பேத்தியின் முதல் பொங்கல், பானை முதல் மஞ்சள் கொத்து வரை ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கி வைத்தாயிற்று. இந்த நிலையில் பத்து நாளைக்கு முன்னால் குழுவில் அந்தப் படம் வந்தது, எடிசன் மேல் 30 இன்ச். போட்டவர் சும்மா ஆளும் இல்லை, பல வருடமாக ஸ்னோவைத் துரத்துகிறவர், வீட்டுப் பின்புறத்தில் சொந்தமாக வெதர் ஸ்டேஷன் நட்டு வைத்திருப்பவர். நண்பர் பயந்துபோய் அன்றிரவே ஏஜென்டைக் கூப்பிட்டு இரண்டு டிக்கெட்டையும் அதற்கு முந்தின புதன்கிழமைக்கு மாற்றினார். கட்டண வித்தியாசம், மாற்றுக் கட்டணம், ஏஜென்டின் சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,100 டாலர். புயல் என்ன செய்தது? வட கரோலினாவைத் தாண்டி அப்படியே கடலுக்குள் போய்விட்டது. சனிக்கிழமை இங்கே கண் கூசுகிற வெயில். பொங்கலன்று அந்தப் பெரியவர்கள் பேத்தியோடு இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை, தலைசுற்றலோடு நடுவழியில் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் சென்னை ஹோட்டல் ஒன்றில் படுத்திருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

அந்தப் படம் பொய் இல்லை. போட்டோஷாப்பும் இல்லை. வானிலையைக் கணிக்கிற அமெரிக்கக் கணினி மாடலான ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஓடுகிறது, ஒவ்வொரு தடவையும் 16 நாள் வரைக்கும் கணக்குப் போட்டுப் படம் தருகிறது. பத்து நாள் தள்ளிப் பார்த்தால் அந்த நான்கு படமும் நான்கு கதை சொல்லும். காலையில் 30 இன்ச், மத்தியானம் மழை, சாயங்காலம் ஒன்றுமே இல்லை, ராத்திரி மறுபடி 18. இதில் எந்தப் படம் வாட்ஸாப்புக்கு வரும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றுமில்லை என்று சொல்கிற படத்தை யாரும் ஃபார்வர்டு செய்து நான் பார்த்ததில்லை.

பத்து நாள் முன்னால் அந்தப் புயலே பிறந்திருக்காது. அதற்கு விதையாகப் போகிற மேலடுக்குச் சுழல் பசிபிக் கடலுக்கு மேல் எங்கேயோ இருக்கும். அது அமெரிக்கா முழுவதும் கடந்து வந்து, கரோலினா பக்கத்துக் கடலின் வெதுவெதுப்பில் காற்றழுத்தத் தாழ்வாக உருவெடுத்து, கரையோரமாக வடகிழக்கே ஏற வேண்டும், அதே நேரத்தில் கியூபெக் பக்கம் உயரழுத்தம் உட்கார்ந்து குளிர்காற்றைக் கீழே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இதைத்தான் இங்கே நார்ஈஸ்டர் என்கிறார்கள், காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது என்பதால். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் சென்னைக்கா நெல்லூருக்கா என்று கடைசி நாள் வரை பார்த்துக்கொண்டிருப்போமே, அதே தவிப்புதான். பாதை ஐம்பது மைல் கிழக்கே நகர்ந்தால் நமக்குத் தூறல் பனி, ஐம்பது மைல் மேற்கே நகர்ந்தால் கடல் காற்று உள்ளே புகுந்து வெறும் மழை. நாம் குடியிருப்பதோ சரியாக ஐ-95 சாலையை ஒட்டி, மழையும் பனியும் பிரிகிற கோடு பெரும்பாலும் வந்து நிற்கிற இடமே அதுதான்.

எண்ணிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. இந்த வரைபடங்களில் பல, ஒரு இன்ச் தண்ணீருக்குப் பத்து இன்ச் பனி என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகின்றன. ஈரப் பனியாக இருந்தால் ஐந்தாறு இன்ச்தான் தேறும், நல்ல குளிரில் விழுகிற தூள் பனி பதினைந்தையும் தாண்டும். மேலே ஒரு மைல் உயரத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று நுழைந்துவிட்டால் பனி உருகி, மறுபடி உறைந்து, சின்னச் சின்ன ஐஸ் மணியாக, ஸ்லீட்டாக விழும். அதையும் சில படங்கள் பனி என்றே எண்ணிக் கூட்டிவிடும். தரையில் கிடப்பது இரண்டு இன்ச் ஸ்லீட், படத்தில் இருப்பது 14.

அனுபவசாலிகளே சறுக்கியிருக்கிறார்கள். 2015 ஜனவரி 26, 27 புயலுக்கு நியூயார்க் நகரத்தில் 20 முதல் 30 இன்ச் என்று அரசு வானிலை நிலையமே சொன்னது. பனிக்காக சப்வேயை மொத்தமாக நிறுத்தியது வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 இன்ச். கிழக்கே லாங் ஐலண்டில் இரண்டடி, இந்தப் பக்கம் ஏமாற்றம். அதிலும் வேடிக்கை, 2012இல் சாண்டி புயலை ஒரு வாரம் முன்பே பிடித்துப் பெயர் வாங்கிய ஐரோப்பிய மாடல்தான் இங்கே கூடுதலாகச் சொல்லிக் கவிழ்த்தது, எல்லோரும் கேலி செய்கிற ஜிஎஃப்எஸ் குறைவாகச் சொன்னது. எடிசன் பக்கத்தைக் கவனிக்கிற மவுண்ட் ஹாலி அரசு வானிலை நிலையத்தின் அப்போதைய தலைவர் கேரி ஷாட்கவ்ஸ்கி அன்றிரவே ட்விட்டரில் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் மரியாதை. அடுத்த வருடமே நிலைமை தலைகீழ். 2016 ஜனவரி 23 புயலை மாடல்கள் ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே பார்த்துவிட்டன, ஆனால் நியூயார்க் அதன் வடக்கு ஓரத்தில்தான் இருக்கும் என்று குறைவாகவே கணித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் 27.5 இன்ச், அங்கே பதிவானதிலேயே அதிகம். ஆக, ஒரு பெரிய புயல் வரக்கூடிய சூழ்நிலை இருக்கிறது என்பது வரை ஒரு வாரம் முன்னால் தெரியலாம். உங்கள் தெருவில் எத்தனை இன்ச் என்பது தெரியாது.

அப்படியானால் எதை எப்போது நம்புவது? ஏழு நாளுக்கு மேல் என்றால் படத்தை ரசியுங்கள், அவ்வளவுதான். ஐந்து நாள் இருக்கும்போது ஒற்றைப் படத்தை விட்டுவிட்டு என்சாம்பிள் பாருங்கள். தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐரோப்பிய மாடலை 51 தடவை ஓட்டுவார்கள், அதில் நாற்பது நமக்குப் பனி என்றால் விஷயம் இருக்கிறது, எட்டு மட்டும் என்றால் வேலையைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் இருக்கும்போது தேசிய வானிலை சேவை வின்டர் ஸ்டார்ம் வாட்ச் கொடுக்கும், நிச்சயம் கூடிய பிறகு வார்னிங் ஆகும். வாட்ச் என்றால் தயாராகு, வார்னிங் என்றால் வந்துவிட்டது. பிளிஸார்டு வார்னிங் என்பது பனியின் அளவைப் பற்றியதே அல்ல, 35 மைல் வேகக் காற்றும் கால் மைலுக்குள் சுருங்கிய பார்வைத் தூரமும் மூன்று மணி நேரம் நீடிக்கும் என்று அர்த்தம், அன்றைக்கு வண்டியே எடுக்காதீர்கள். அவர்களுடைய வெதர் டாட் கவ் தளத்தில் எதிர்பார்க்கும் அளவோடு இன்னும் இரண்டு எண்களும் போடுவார்கள். ஒன்று குறைந்தபட்சம், பத்துக்கு ஒன்பது வாய்ப்பில் அதற்கு மேல் விழும். இன்னொன்று அதிகபட்சம், அதற்கு மேல் போக பத்துக்கு ஒன்றுதான் வாய்ப்பு. எனக்கு அந்தக் குறைந்தபட்ச எண்தான் முக்கியம், அது ஆறைத் தாண்டினால் ஆபீஸில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். எடிசன்காரர்களுக்கு மவுண்ட் ஹாலி நிலையம், ஜெர்சி சிட்டிக்காரர்களுக்கு லாங் ஐலண்டில் இருக்கிற அப்டன் நிலையம். அரை மணி நேர தூரத்தில் இருந்தாலும் அலுவலகம் வேறு, எண்ணும் வேறாக வரலாம், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இனி டிக்கெட் விஷயம், 1,100 டாலர் பாடம் இங்கேதான் இருக்கிறது. புயல் உண்மையாகவே வருகிறது என்றால், பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஓரிரு நாள் முன்னால் ட்ராவல் வெய்வர் அறிவிக்கும். இன்னின்ன விமான நிலையம், இன்னின்ன தேதி, அதற்குள் மாற்றினால் மாற்றுக் கட்டணம் கிடையாது, குறிப்பிட்ட நாட்களுக்குள் என்றால் கட்டண வித்தியாசமும் பெரும்பாலும் கிடையாது. அந்த அறிவிப்பு வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அவர்களே விமானத்தை ரத்து செய்தால், மாற்று விமானம் வேண்டாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு, நான்ரிஃபண்டபிள் டிக்கெட்டானாலும் சரி. நீங்களாக முன்னால் போய் மாற்றினால் இந்த உரிமை எதுவும் இல்லை. ஏஜென்டிடம் வாங்கிய டிக்கெட் என்றால் விமான நிறுவனம் பல நேரம் "உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள்" என்று கையை விரிக்கும், ஏஜென்டோ வார இறுதியில் போனை எடுக்க மாட்டார். அதனால் அப்பா அம்மாவுக்குக் குளிர்காலத்தில் டிக்கெட் போடும்போது பத்து இருபது டாலர் கூடினாலும் நிறுவனத்திடமே நேரடியாக வாங்கிவிடுங்கள். புயல் செய்தி வந்த பிறகு பயணக் காப்பீடு வாங்குவதும் வீண், தெரிந்த ஆபத்து என்று கழித்துவிடுவார்கள்.

மாற்றும்போது எந்தத் தேதிக்கு மாற்றுவது என்பதும் முக்கியம். புயலுக்கு மறுநாள் என்று மட்டும் எடுக்காதீர்கள். 2018 ஜனவரி 4 புயலில் ஜேஎஃப்கேயை மூடினார்கள், திறந்த பிறகுதான் கூத்தே, வந்திறங்கிய விமானங்கள் கேட் கிடைக்காமல் மணிக்கணக்காக வெளியிலேயே நின்றன, ஏழாம் தேதி நான்காம் முனையத்தில் தண்ணீர்க் குழாய் வேறு வெடித்துப் பெட்டிகள் மிதந்தன. வயதானவர்கள் என்றால் மூன்று நாளாவது தள்ளி எடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்த வானிலைப் பைத்தியங்களை நான் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், நானும் அந்தக் கூட்டம்தான். ரமணன் சார் டிவியில் வந்து "வடகிழக்குப் பருவமழை" என்று ஆரம்பித்தால் நாளைக்குப் பள்ளி லீவா என்று காது நீட்டி வளர்ந்தவன். இங்கே இரவு பத்தரை மணிக்கு மேல் ஜிஎஃப்எஸ் படம் படமாக வர ஆரம்பிக்கும், யூரோ, அதாவது ஐரோப்பிய மாடல், வருவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும், அதற்காக மறுநாள் மீட்டிங் இருந்தும் விழித்திருப்பவர்கள் நம்மில் நிறைய. ஒன்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள், அவர்கள் பனி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். ஆசை கணிப்பில் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். புயலுக்கு முந்தின நாளும் புயல் நடக்கிற ராத்திரியும் இவர்களை விட்டால் ஆளில்லை, ரேடாரைப் பார்த்து "ஸ்லீட் கோடு நியூ பிரன்ஸ்விக் வந்துவிட்டது, நாற்பது நிமிடத்தில் நமக்கு" என்று சொன்னால் அப்படியே நடக்கும். பத்து நாள் முன்னால் சொன்னதை வைத்து, படம் போட்டவரைக் குழுவிலிருந்து நீக்காதீர்கள். என் நண்பர் அதைத்தான் செய்தார், அடுத்த உண்மையான புயலன்று எத்தனை மணிக்குப் பனி ஆரம்பிக்கும் என்று எனக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்று, ஊரில் இருப்பவர்களுக்கு. நம் டிவியில் "அமெரிக்காவை உலுக்கும் பனிப்புயல்" என்று வரும்போது காட்டுவது பாதி நேரம் பஃபலோ. அது ஈரி ஏரிக் காற்றில் விழுகிற வேறு வகைப் பனி, நம் வீட்டிலிருந்து காரில் ஆறு மணி நேரம். இது உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. முதல் நாள் இரவே போன் போட்டு, வீட்டில்தான் இருக்கிறோம், ஹீட்டர் ஓடுகிறது, பாலும் தயிரும் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விடியற்காலை நான்கு மணிக்கு அங்கிருந்து போன் வரும், ஷவலோடு நீங்கள் எழுந்திருக்க வேண்டிய நேரமும் ஏறக்குறைய அதுதான் என்பது வேறு விஷயம்.