பால்வெட்டு இல்லாத மாதங்களை எப்படித் தாண்டுவது

ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைக்கும் எங்களுக்கு வருஷத்தில் இரண்டு பஞ்சம். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்த்து நிற்கும், பால் குறைந்துபோகும். அது தளிர்த்து நன்றாக வெட்ட ஆரம்பித்ததும் ஜூன் மழை பிடித்துக்கொள்ளும். பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்கு வராது, மரத்தைச் சுற்றி வழிந்துவிடும். என் வீட்டுக்காரர் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் இன்னொருவர் தோட்டத்தில் வெட்டுகிறார். வெட்டினால்தான் கூலி. பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில். குளச்சல் பக்கத்து விசைப்படகுகளுக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம் என்பதால் மீன் விலையும் ஏறிவிடும்.

எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்கு ஆறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு எழுதுகிறவள் வீட்டில் கணக்கு இல்லை என்பது 2019இல்தான் உறைத்தது. அந்த ஜூனில் வாரக்கடன் 25,000 எடுத்தேன். வாரம் 600 வீதம் 50 வாரம். மழையில் ஒரு வாரம் முழுக்க வெட்டு இல்லை. தவணை கட்டும் செவ்வாய்க்கிழமை மட்டும் தவறாமல் வந்தது.

அப்போது வாசித்தது 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம். கடன்காரன் பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். எலிசா அந்த விதவையிடம் கேட்பது, வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது என்று. பிரசங்கத்தில் எண்ணெய் பெருகியதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கேள்வியும், எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்த்துவிட்டு மீந்ததில் பிழைக்கச் சொன்ன வரிசையும்தான் பிடித்தது.

ஆகவே கடன் கேட்கப் போகும் முன் ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்ததும் எழுந்துபோகாமல் எல்லோரும் உட்காருங்கள். பிள்ளைகளும் இருக்கட்டும். நோட்டில் வீட்டில் இருப்பதை எழுதுங்கள். பைபிளில் உக்கிராணக்காரன் என்று வாசிக்கிறோமே, கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவி வைத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் அவருடையது அல்ல, ஆனால் எத்தனை தேங்காய் என்று அவருக்குத் தெரியும். அன்று எங்கள் நோட்டில் வந்தது: சாக்கில் ஒட்டுப்பால் (வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ரப்பர் பால்) 11 கிலோ, கோழி 7, கொல்லையில் மரச்சீனி (மரவள்ளி) 20 மூடு, நான் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக் கேட்கக் கூச்சப்பட்ட பாக்கி 1,150 ரூபாய். அந்தக் கூச்சம்தான் எனக்குப் பெரிய நஷ்டம். மறுநாளே போய்க் கேட்டேன். மூன்று பேரில் இரண்டு பேர் அங்கேயே எடுத்துத் தந்தார்கள். ஒட்டுப்பாலை ஈரத்தோடு கொண்டுபோகாதீர்கள், கடையில் எடையைக் கழிப்பார்கள். அடுப்புக்கு மேல் பரணில் நாலைந்து நாள் கிடக்கட்டும்.

அடுத்த பக்கத்தில் கொடுக்க வேண்டியதை எழுதுங்கள். தவணை தவறும் என்று தெரிந்தால், தேதிக்கு முன்னாலேயே போய்ச் சொல்லுங்கள். முன்னால் சொன்னால் அவகாசம், பின்னால் சொன்னால் வசவு. பள்ளிக்கூட ஃபீஸை இரண்டாகக் கட்டுகிறோம் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். ரேஷன் அரிசி வாங்க வெட்கம் வேண்டாம்.

அப்படியும் போதவில்லை என்றால் நகையைப் பணயம் (அடகு) வைக்கலாம், கைமாற்று வட்டிக்குப் போகாதீர்கள். நூற்றுக்கு மூன்று என்றால் லேசாகத் தெரியும். 20,000க்கு மாதம் 600, வருஷம் 7,200. அதே பணத்துக்கு நாங்கள் கம்மல் வைத்த சொசைட்டியில் நூற்றுக்கு ஒன்று, வருஷம் 2,400. மீட்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பணயச் சீட்டை நான் பைபிளுக்குள் வைத்திருந்தேன். தினமும் கண்ணில் படும் என்பதற்காகத்தான், வேறு விசேஷம் இல்லை.

இனி காணிக்கை. இல்லாத நேரத்தில் தசமபாகம் கொடுக்க வேண்டுமா என்று சங்கத்தில் கேட்பார்கள். 2 கொரிந்தியர் 8:12 இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்கிறது. வந்ததில் பத்தில் ஒன்று கொடுக்கிறேன். வராத வாரம் காணிக்கைக் கவர் போடுவதில்லை. பிடியரிசி மட்டும் விடுவதில்லை, உலை வைக்கும்போது ஒரு பிடி டப்பாவுக்குள் போய்விடும். கடன் வாங்கியாவது கொடுங்கள், நூறத்தனையாய் வரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கையில் காசு இல்லாத ஒரு ஞாயிறு ஆறு முட்டை கொண்டுபோனேன். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்தில் 160 ரூபாய்க்கு ஏறியது. எடுத்தவர் என் கொழுந்தன்தான். வீறாப்பில் ஏற்றிவிட்டு, பணம் அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாக்கியையும் நான்தான் எழுதி வைத்தேன்.

கடைசியாக, பால் நன்றாக வரும் மாதங்களில் செய்ய வேண்டியது. எகிப்தில் யோசேப்பு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தான். எங்களால் அவ்வளவு முடியவில்லை. அக்டோபர் முதல் ஜனவரி வரை, வெட்டு நடந்த ஒவ்வொரு நாளும் 50 ரூபாய், அவ்வளவுதான். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு, இடையில் ஐப்பசித் துலாமழை; நாலு மாதத்தில் 55, 60 நாள் கிடைக்கும். டப்பா நிறைந்ததும் போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள், வீட்டில் இருந்தால் கல்யாண மொய்யாகப் போய்விடும்.

போன ஜூனில் எங்கள் கணக்கில் 2,850 இருந்தது. யூனிபார்முக்கும் நோட்டுக்கும் சரியாகப் போனது. செருப்பு மட்டும் பழையதையே தைத்துக் கொடுத்தோம்.