நோய்க் கண்காணிப்புப் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் புதிதாகச் சேர்ந்த டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போதெல்லாம், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைப் பார்க்கிறேன். எழுத்துப்பிழை, வயதுப்பிழையை விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் கண்ணில் பட்டுவிடும்.

நோய் தொடங்கிய தேதிக்குப் பதில் பதிவு செய்த தேதி

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அப்போது வாரம் ஒருமுறைதான் அறிக்கை. ஏற்காடு மலைப் படிவங்கள் மூன்று வாரம் தேங்கி, ஒரே கட்டாக வந்தன. காப்பி எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்பது குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும். மணல்வாரி என்று ஊரில் சொல்லும் தட்டம்மை. தடிப்பு வந்த தேதி கேட்ட கட்டத்தில் ஒன்பதுக்கும் அன்றைய தேதியையே அடித்தேன்.

தேதிவாரி வரைபடத்தில் ஒரே நாளில் ஒன்பது பேர். எல்லோரும் ஒரே இடத்தில் நோயை வாங்கிக்கொண்டது போலத் தெரிந்தது. கோயில் திருவிழாவுக்குப் போனவர்கள் யார் யார் என்று குழு விசாரித்துக்கொண்டிருந்தது. பிறகு வீடு வீடாகத் தேதி கேட்டோம். முதலில் ஒரு குழந்தை. 11 நாள் கழித்து மூன்று. இன்னும் 12 நாளில் ஐந்து. லைனுக்கு லைன் தொற்றிப் போயிருக்கிறது. தடிப்புக்கு நான்கு நாள் முன்னும் நான்கு நாள் பின்னும் தட்டம்மை பரவும் என்பதால், அந்தத் தேதி தெரியாமல் யாரைத் தேடுவது? நாங்கள் திருவிழாவைத் துரத்திய நாட்களில் பக்கத்து எஸ்டேட்டுக்கும் நோய் போய்விட்டது.

2021 முதல் ஐஎச்ஐபி என்ற அரசின் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் அன்றாடம் பதிகிறோம். ஆனாலும் தேதியை மாற்றிப் போட்டால் தளம் என்ன செய்யும்? நர்ஸிடம் போனில் கேளுங்கள், அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள். "தடிப்பு எப்போ வந்தது, சந்தைக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

மைனஸ் டிராப் அவுட்

ஐந்து நோய்களுக்கான பென்டா தடுப்பூசியில் முதல் டோஸ் 20, மூன்றாவது 23 என்று வந்தால், இடையில் விட்டுப்போனவர்களின் கணக்கான டிராப் அவுட் மைனஸில் போகும். பயந்துபோய் எண்ணைத் திருத்துகிறார்கள். திருத்தாதீர்கள். பிரசவத்துக்குத் தாய் வீடு போனவர் குழந்தைக்கு ஆறாவது வார ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, பதினான்காவது வாரத்தில் இங்கே வந்திருப்பார். தடுப்பூசி கார்டை வாங்கிப் பாருங்கள்.

காலிக் கட்டம்

நோயாளி இல்லையென்றால் 0 போடுங்கள்.

மலையில் சிக்னல் இல்லை

தேதியைப் பேப்பரில் அங்கேயே எழுதுங்கள், மொபைலில் ஏற்றுவது அப்புறம்.