சொந்த ஊரின் வரலாற்றை எழுத உட்காரும்போது

குமரி மாவட்டத்தில் ஊர் வரலாறு எழுத நினைப்பவர்கள் முதலில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஓடுவார்கள். நான் வீட்டுப் பரணில் இருந்து தொடங்கச் சொல்வேன். அங்கே பழைய நிலப்பத்திரம் கிடக்கும். எங்கள் பாட்டியின் பத்திரம் மடிப்புகளில் நைந்து, பழுப்பேறி, மலையாள எழுத்தில் இருக்கிறது. ஆண்டு 1098, மேட மாதம் (நம் சித்திரை).

பயப்பட வேண்டாம், அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக்கணக்கு. ஜனவரி முதல் ஆடி முடிய வரும் மாதம் என்றால் 825 கூட்டுங்கள். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824. ஆக, பாட்டியின் பத்திரம் 1923. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால்தான் இந்தக் கணக்கு.

அப்புறம் பத்திரத்தின் நான்கெல்லையை எழுதிக்கொண்டு நேரில் நடந்து பாருங்கள். 'விளை' என்று முடியும் பெயர் என்றால் பெரும்பாலும் மேட்டு நிலம், தென்னையோ ரப்பரோ நிற்கும். 'ஏலா' என்றால் பள்ளத்து வயல். எங்கள் ஏலாவில் இப்போது வாழைதான். பெயர் மட்டும் நெல்லை நினைத்துக்கொண்டிருக்கிறது. குளத்து மடை எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள், ஊரின் சரிவு தெரிந்துவிடும்.

சரி, பெரியவர்களிடம் கேட்கும்போது ஆண்டைக் கேட்காதீர்கள். "மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டும்போது உங்களுக்கு எத்தனை வயசு தாத்தா?" என்று கேளுங்கள்.