குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் களப்பணி செய்வது எப்படி

அன்றாட டிஜிட்டல் பண்பாட்டை ஆய்வு செய்யப் புறப்படுகிறவர்கள் பலர் செய்யும் முதல் வேலை, ஒரு வாட்ஸ்அப் குழுவின் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, எந்தச் சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ண ஆரம்பிப்பது. இனவரைவியலில், அதாவது மக்களோடு இருந்து பழகி அவர்கள் வாழ்வை எழுதும் ஆய்வுமுறையில், அது கடைசியில் வரவேண்டிய வேலை. எழுதி அனுப்பியது மட்டும்தான் அந்த ஃபைலில் இருக்கும். அதை யார் படித்தார்கள், படித்துவிட்டு யாரிடம் வாசித்துக் காட்டினார்கள், எந்தப் பதிலை அடித்துவிட்டு அனுப்பாமல் அழித்தார்கள், யார் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்னொரு குழுவில் போட்டுச் சிரித்தார்கள் என்பதெல்லாம் மாடிப்படியிலும் சமையலறையிலும் நடக்கிறது. ஆய்வாளர் இருக்கவேண்டிய இடமும் அதுதான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் களம், சென்னை அடுக்குமாடி ஒன்றின் குடியிருப்போர் சங்கக் குழு. தண்ணீர் லாரி, லிஃப்ட், மெயின்டனன்ஸ் பாக்கி, பார்க்கிங் தகராறு, பிள்ளையார் சதுர்த்தி வசூல், காலை வணக்கப் படம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். குடும்பக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, ஊர்த் திருவிழாக் குழு என்றாலும் முறை பெரிதாக மாறாது.

கேள்வி, களம், காலம்

"சமூக ஊடகமும் நகர்ப்புற மக்களும்" என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. "தண்ணீர் வராத நாளில் யார் குழுவில் எழுதுகிறார், யார் எழுதாமல் செயலாளருக்கு நேராகப் போன் போடுகிறார், ஏன் இந்த வித்தியாசம்?" என்பது கேள்வி. இரண்டு மூன்று வாரம் பார்த்த பிறகு கேள்வி மாறும். மாறட்டும். பழைய கேள்வியையும் மாறிய தேதியையும் குறித்து வையுங்கள்.

வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1024 பேர் வரை அனுமதிக்கிறது. அவ்வளவு பெரிய குழு இந்த வேலைக்கு உதவாது. 40 முதல் 120 பேர் உள்ள குழு வசதியானது. 20 பேருக்குக் கீழே போனால் யாருடைய அடையாளத்தையும் மறைக்க முடியாது. 200-ஐத் தாண்டினால் பெயருக்கும் முகத்துக்கும் முடிச்சுப் போட முடியாது.

மூன்று மாதம் குறைந்தபட்சம். அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடித்தால் ஆயுத பூஜை வசூல், தீபாவளி, வடகிழக்குப் பருவமழை மூன்றும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். மழைக்காலத்தில் குழுவின் குணமே வேறாக இருக்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் மானுடவியலாளர்கள் 2012-ல் தொடங்கிய சமூக ஊடக ஆய்வில் ஒன்பது களங்களில் ஆளுக்கு 15 மாதம் தங்கினார்கள். அதில் ஒரு களம் சென்னைக்கு அருகில் இருந்தது. அந்த இடத்துக்குப் 'பஞ்சகிராமி' என்று புனைபெயர் வைத்தே எழுதினார்கள்.

சொந்தக் குடியிருப்பை எடுக்காதீர்கள். நுழைவது சுலபம்தான். ஆனால் பழகிப்போனது எதுவும் கண்ணில் படாது. ஆய்வு முடிந்த பிறகும் அதே லிஃப்டில் அதே மனிதர்களோடு ஏறி இறங்கவேண்டும். உங்கள் வீட்டுக்கு மெயின்டனன்ஸ் பாக்கி இருந்தால் கதை இன்னும் மோசம்.

உள்ளே போவதும் ஒப்புதலும்

அட்மின் சம்மதித்துவிட்டால் போதும் என்பது பரவலான தவறு. அட்மின் கதவைத் திறக்கலாம். மற்றவர்கள் எழுதியதைத் தூக்கிக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. ஆகவே ஒப்புதலை மூன்று கட்டமாக வாங்குங்கள். முதலில் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு தந்த அனுமதிக் கடிதத்தோடு சங்கச் செயலாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பிறகு குழுவிலேயே அறிவியுங்கள். நேர்காணலுக்கும் மேற்கோளுக்கும் தனித்தனி ஆளிடம் தனித்தனியாகக் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. கல்லூரி முதலாண்டு மாணவர்கூட அதற்குள் வரலாம். வயதைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள், தேவையென்றால் பெற்றோரிடமும் ஒப்புதல் வாங்குங்கள்.

குழுவில் போடும் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். குடியிருப்புக் குழுக்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று மூன்று மாதம் இந்தக் குழுவில் இருந்து பார்க்கிறேன். யாருடைய பெயரும், வீட்டு எண்ணும், போட்டோவும் வெளியே போகாது. உங்கள் மெசேஜைக் குறிப்பெடுக்க வேண்டாம் என்றால் எனக்குத் தனியாக 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போதும். காரணம் சொல்லவேண்டியதில்லை."

இதையே 40 நொடி வாய்ஸ் மெசேஜாகவும் பேசி அனுப்புங்கள். நீளமாக எழுதியதைப் படிக்காதவர்கள் கேட்பார்கள். மாதம் ஒருமுறை திரும்பப் போடுங்கள். வாடகைக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் அறிவிப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'ஆய்வாளர்' என்று இருக்கட்டும். 'வேண்டாம்' என்றவரின் மெசேஜுக்கு மற்றவர்கள் பதில் போடும்போதுதான் சிக்கல் வரும். அந்தப் பதில்களை மட்டும் குறித்து, அவருடைய இடத்தை வெற்றிடமாக விடுங்கள். மற்றவர்கள் சொன்னதை வைத்து அவர் என்ன சொன்னார் என்று ஊகித்து நிரப்பக்கூடாது.

அறிவிப்பு போட்டதும் குழு கொஞ்ச நாள் நாகரிகமாக நடந்துகொள்ளும். அந்த நாகரிகமும் தரவுதான். அடுத்து வரும் ஆபத்து, செயலாளரின் அன்பு. "நீங்க படிச்சவங்க, ஒரு நோட்டீஸ் எழுதித் தாங்க" என்று தொடங்கி "உங்களையும் அட்மின் ஆக்கிடறேன்" என்பதில் வந்து நிற்கும். நோட்டீஸை எழுதிக் கொடுக்கலாம், அட்மின் பதவி வேண்டாம். அட்மினால் பிறர் மெசேஜை அழிக்க முடியும். சத்தமில்லாமல் வெளியேறியவர் யார் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அதிகாரம் கையில் இருக்கும்வரை செயலாளருக்கு எதிரானவர்கள் உங்களிடம் மனம் விட்டுப் பேசமாட்டார்கள்.

போனையும் தயார் செய்யவேண்டும். முடிந்தால் தனி எண், தனி போன். மீடியா கேலரியில் சேமிக்கப்படுவதை முதல் நாளே நிறுத்துங்கள். இல்லையென்றால் குழுவில் வரும் குழந்தைகளின் பிறந்தநாள் படமெல்லாம் உங்கள் கேலரிக்கும், அங்கிருந்து கிளவுடுக்கும் தானாகப் போய்ச் சேரும்.

வாரக் கணக்கு

வாரத்துக்கு 15 மணி நேரம் ஒதுக்கினால், குழுவைப் பார்க்க 4 மணி, நேரில் இருக்க 3 மணி, எழுத 8 மணி என்று பிரியும். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, மூன்றாம் வாரத்தில் எழுதாத குறிப்புகள் மலையாகக் குவிந்து நிற்கும்போது விட்டுவிடுகிறார்கள். அன்றைய குறிப்பை அன்றிரவே விரித்து எழுதவேண்டும். மறுநாள் எழுதினால் பேச்சின் கருத்து நினைவிருக்கும், பேச்சு நினைவிருக்காது.

குழுவைப் பார்க்கும் 4 மணி நேரத்தை ஒரே மூச்சில் செலவழிக்கக் கூடாது. காலை 6-க்கும் 7.30-க்கும் இடையில், மதியம், இரவு 9-க்கும் 11-க்கும் இடையில் என்று சிறு சிறு துண்டாக, மெசேஜ் வரும்போதே பாருங்கள். அப்போதுதான் மௌனத்தின் நீளம் தெரியும். சேர்த்து வைத்துப் படித்தால் 16 நிமிட மௌனம் ஒரு விரல் அகல இடைவெளியாகக்கூடத் தெரியாது.

"இரவில் லிஃப்ட் பற்றிப் பெரிய சண்டை, எல்லோரும் கோபமாக இருந்தார்கள்" என்று எழுதினால் அது களக்குறிப்பு ஆகாது. மாதிரிக்கு ஒன்று (க-3, க-7 என்பவை ஆட்களின் பெயருக்குப் பதிலான குறியீடுகள்):

"இரவு 9.42: க-3, லிஃப்ட் நின்ற படம், எழுத்து இல்லை. 9.44: க-7, கைகூப்பும் எமோஜி. 10 மணி வரை யாரும் எழுதவில்லை. 10.00: செயலாளர், தமிழ் எழுத்தில் நான்கு வரி, 'சங்கத்தின் சார்பில்' என்று தொடக்கம். 10.05: க-3, 'ok saar', தங்கிலீஷில். மறுநாள் காலை படிக்கட்டில் க-7: 'அவரே ரெண்டு மாசம் பாக்கி. அவர் கேக்கறார் பாருங்க.' ஊகம்: படத்தோடு எழுத்து போடாததற்குப் பாக்கி காரணமாக இருக்கலாம். க-3-இடம் கேட்கவேண்டும்."

பார்த்தது, கேட்டது, ஊகம் மூன்றும் இதில் கலக்கவில்லை. செயலாளர் நேரில் "என்ன சார், மோட்டார் ஓடலியா" என்று பேசுகிறவர். குழுவில் மட்டும் அரசாணை போல எழுதுகிறார். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு அவர் தாவும் இடங்களைத் தேதியோடு தொகுத்தாலே ஒரு அத்தியாயத்துக்குப் பொருள் சேரும். யார் யாரை 'சார்' என்கிறார், யாருக்கு 'அண்ணா', யாருக்கு வெறும் பெயர் என்பதையும் விடாதீர்கள். தங்கிலீஷில் வந்ததை வந்தபடியே ஆங்கில எழுத்தில் குறிக்கவேண்டும். நல்ல தமிழாகத் திருத்தி எழுதினால் அந்தக் குரல் போய்விடும்.

ஒரு எண்ணை ஒரு ஆள் என்று கொள்வதும் தவறு. பட்டியலில் கணவரின் எண் இருக்கும், படிக்கிறவர் மனைவியாக இருப்பார். தாத்தாவின் பெயரில் பேத்தி பதில் போடுவாள். வாட்ச்மேனும் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாக்களும் குழுவிலேயே இருக்கமாட்டார்கள், ஆனால் பேச்சில் பாதி அவர்களைப் பற்றியதாக இருக்கும். குழுவில் தன்னைப் பற்றி வந்த புகார் வாட்ச்மேனுக்கு எப்படி, எத்தனை மணிக்கு, யார் வாயால் போய்ச் சேர்கிறது என்று தொடர்ந்து பாருங்கள். கேட் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் மாலை ஒரு மணி நேரம் உட்காருவது எந்த மென்பொருளை விடவும் பலன் தரும்.

ஃபார்வேர்டுகளை வகைப்படுத்தும்போது ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் 2018 ஜூலையிலிருந்து ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது. பலமுறை கைமாறியதை 2020 ஏப்ரலிலிருந்து ஒரு இடத்துக்குத்தான் ஒரு நேரத்தில் அனுப்ப முடியும். அதனால் காப்பி செய்து ஒட்டுகிறார்கள், வீடியோவை இறக்கித் திரும்ப ஏற்றுகிறார்கள். ஃபார்வேர்டைக் காட்டும் அம்புக்குறி இல்லை என்பதால் அது அவருடைய சொந்தச் சரக்கு என்று எழுதிவிடாதீர்கள்.

அனுப்பியவரே அழித்த மெசேஜை, அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளவேண்டும். "அழித்தார், இத்தனை மணிக்கு" என்று மட்டும் குறியுங்கள். எழுதியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், அனுப்பியதைச் சுமார் இரண்டரை நாள் வரை எல்லோருக்குமாக அழிக்கலாம் என்பதால், உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுக்கக் கை துறுதுறுக்கும். எடுக்காதீர்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரோல் செய்வது

இந்த ஆய்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒருவரோடு 40 நிமிடம் உட்கார்ந்து, அவர் கையிலேயே அவர் போனை வைத்துக்கொண்டு, கடந்த ஒரு வாரக் குழுப் பேச்சை மெல்ல மேலே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். போனை நீங்கள் வாங்கக்கூடாது. எதிரே சோபாவில் உட்கார்ந்தால் அது பேட்டி ஆகிவிடும். பக்கத்து நாற்காலி போதும். இடையில் தனி மெசேஜ் எட்டிப் பார்க்கும். "அப்படி வந்தா நான் பார்வையைத் திருப்பிக்கறேன்" என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படி நடங்கள்.

"ஏன் இதை அனுப்பினீங்க?" என்று கேட்டால் மனிதர்கள் நியாயம் பேசத் தொடங்குவார்கள். "இது வந்தப்ப எங்க இருந்தீங்க? என்ன பண்ணிட்டிருந்தீங்க? யார்கிட்டயாவது காட்டினீங்களா?" என்று கேளுங்கள். பதிலில் சமையலறை வரும், ஆபீஸ் பஸ் வரும், மருமகள் வருவாள். காலை வணக்கப் படங்களைப் பார்த்து அலுத்துக்கொள்ளும் ஆய்வாளர், அனுப்புகிறவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கவேண்டும். தனியாக வாழும் முதியவருக்கு அது தினசரி ஆஜர் பதிவாக இருக்கலாம். ஒரு நாள் வராவிட்டால் யார் போன் செய்கிறார் என்பதுதான் அடுத்த கேள்வி.

ப்ளூ டிக்கைத் தனி உரையாடலில் நிறுத்தி வைக்கலாம், குழுவில் நிறுத்த முடியாது. ஆனால் யார் படித்தார் என்ற பட்டியல் அனுப்பியவரின் போனில் மட்டுமே தெரியும். அதை அவர் திறந்து பார்க்கிற பழக்கம் உள்ளவரா என்று கேளுங்கள். "பார்த்துட்டும் பதில் போடல" என்ற மனத்தாங்கல்கள் அங்கேதான் பிறக்கின்றன.

12 முதல் 15 பேர் போதும். நிறைய எழுதுகிறவர்கள் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். எழுதவே எழுதாதவர்கள் ஐந்து பேர் கண்டிப்பாக வேண்டும், வெளியேறியவர் ஒருவராவது வேண்டும். பேசுகிறவர்கள் தாமாக வருவார்கள். மௌனமானவர்களை இரண்டு மூன்று தடவை தேடிப் போகவேண்டியிருக்கும். கேட்டதை எழுத்தாக்க, ஒரு நிமிட ஒலிக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்போர்ட், அடையாளம் மறைத்தல், எழுதுதல்

நேர்காணல்கள் முடிந்த பிறகு எக்ஸ்போர்ட். மீடியா இல்லாமல் சுமார் 40,000 மெசேஜ், மீடியாவோடு 10,000 வரை கிடைக்கும். 2025-ல் வந்த கூடுதல் தனியுரிமை வசதியைக் குழுவில் இயக்கியிருந்தால் எக்ஸ்போர்ட் நடக்காது. அது குழுவின் முடிவு, சுற்றுவழி தேடவேண்டாம்.

பெயர்களை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். போன் எண்கள் 'இவர் அவரைச் சேர்த்தார்' என்ற வரிகளிலும், ஒருவரைக் குறிப்பிட்டு அழைக்கும் இடங்களிலும் ஒளிந்திருக்கும். யுபிஐ ஐடி, கதவு எண், பார்க்கிங் சண்டையில் வரும் வண்டி எண், பிளம்பர் எண் எல்லாவற்றையும் ஒருமுறை கண்ணால் படித்தே நீக்கவேண்டும். டாக்குமென்டாக அனுப்பிய படத்தில் எடுத்த இடத்தின் விவரம் அப்படியே இருக்கக்கூடும். எந்தக் குறியீடு யார் என்ற பட்டியலைக் காகிதத்தில் எழுதி வேறிடத்தில் பூட்டுங்கள்.

புனைபெயர் வைப்பதிலும் நம் ஊரில் ஒரு கண்ணி உண்டு: பெயரே மதத்தையும் சில சமயம் சாதியையும் சொல்லிவிடும். உங்கள் வாதம் அதைச் சார்ந்திருந்தால் அதே வட்டத்துப் பெயராக வையுங்கள். இல்லையென்றால் குறியீட்டு எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியார் கண்டுபிடிக்காவிட்டாலும் குடியிருப்பில் இருப்பவர்கள் ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் அடையாளம் காண்பார்கள். ஆகவே மேற்கோள் ஒவ்வொன்றையும் உரியவரிடம் காட்டிக் கேட்டபின் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பகுப்பாய்வுக்கு, குறிப்புகளை முதலிலிருந்து இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடுங்கள், உதாரணத்துக்கு ஒரு தண்ணீர் தட்டுப்பாட்டு நாள். அதைக் குழு, பெண்களின் தனிக் குழு, படிக்கட்டு, போன் அழைப்பு, கேட் என ஐந்து செங்குத்துப் பத்திகளாகப் பெரிய தாளில் நேரவாரியாக எழுதுங்கள். குழுப் பத்தி காலியாக இருக்கும் நேரத்தில் மற்றப் பத்திகள் நிரம்பியிருக்கும். அப்படி ஆறேழு தாள் சேர்ந்தால் அத்தியாயங்கள் தாமாகப் பிரியும்.

முடிந்ததும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தைக் குழுவில் போட்டு, கேள்விகளுக்கு ஒரு வாரம் இருந்து பதில் சொல்லி, சொல்லிக்கொண்டு வெளியேறுங்கள். பிறகு அந்தப் போனிலிருந்து உரையாடலை அழித்து, கூகுள் டிரைவ் பேக்அப்பையும் நீக்குங்கள். அதை மறந்தால், அடுத்த போனில் அதே எண்ணைப் போட்டுப் பேக்அப்பைத் திறந்ததும் மொத்தக் குடியிருப்பும் திரும்ப வந்து நிற்கும்.