பழைய டெலிபோன் ரிசீவரில் மைக் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேடையில் ஒரு காட்சி. மகன் வெளியூரிலிருந்து டிரங்க் கால் போட்டுப் பேசுகிறான், அந்தக் குரல் அந்தக் காலத்து போனில் கேட்ட மாதிரியே அரங்கில் கேட்க வேண்டும். மென்பொருளில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3400-க்கு மேலேயும் வெட்டிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டெலிபோன் லைன் கடத்திய எல்லை அதுதான். ஆனால் நடிகர் குரலை உயர்த்தும்போது வரும் அந்தக் கரகரப்பு, வெட்டுவதால் மட்டும் வராது. அது ரிசீவரின் வாய்ப் பக்கத்தில் இருக்கும் கரித்துகள்களிலிருந்து வருவது. குரல் அங்கே இருக்கும் மெல்லிய தகட்டை அழுத்தினால் துகள்கள் நெருங்கி மின்தடை குறைகிறது, தகடு தளர்ந்தால் கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் குரலுக்குச் சரியாக ஈடுகொடுப்பதில்லை, சத்தம் கூடக்கூட உருக்குலைவும் கூடும். நமக்கு வேண்டியதே அந்த உருக்குலைவுதான். அதனால்தான் பழைய ரிசீவரைத் தேடிப் பிடித்துக் கையால் மைக் செய்கிறோம்.

முதல் தவறு அந்தத் தேடலிலேயே நடக்கிறது. பட்டன் வைத்த போன் எதையாவது வாங்கி வந்து, பிரித்து, மைக்கை எடுத்து இணைத்துவிட்டு ‘குரல் இவ்வளவு சுத்தமாக வருகிறதே’ என்று விழிப்பவர்கள் நிறைய. பிற்காலத்துப் பட்டன் போன்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது சுண்டுவிரல் நகம் அளவுள்ள எலக்ட்ரெட் மைக், அது குரலை முழுசாகவே பிடிக்கும். வேண்டியது சுழற்றும் டயல் வைத்த போனின் ரிசீவர். பெங்களூர் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) செய்த அந்தக் கனமான கறுப்பு போன்கள் நினைவிருக்கும், அந்த வகை. அதற்காக வேலை செய்கிற முழு போனை உடைக்காதீர்கள், மனசு கேட்காது. பழைய சாமான் கடையில் தனி ரிசீவர் கிடைத்தால் அதுவே போதும். பேக்லைட்டை, அதாவது அந்தப் பழங்காலக் கெட்டி பிளாஸ்டிக்கை, துளைக்காமல் விடுவதே நல்லது, பழைய பேக்லைட் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், அந்தத் தூளுக்குச் சாதாரண முகக்கவசம் போதாது.

ரிசீவரில் ஒலியைக் கையாளும் வட்டமான இரண்டு வில்லைகள் இருக்கும், இரண்டும் வேறு வேறு ஜாதி. வாய்ப் பக்கம் கார்பன். காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் மணல் மாதிரி சரசரக்கும், மல்டிமீட்டரில் ஓம் அளவு ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். காதுப் பக்கம் காந்தமும் கம்பிச்சுருளும், அதன் அளவு அசையாமல் நிற்கும், சின்னத் திருகாணி போய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் காதுப் பக்கத்தையும் மைக்காகப் பயன்படுத்தலாம், பெல்லின் தொடக்ககாலத் தொலைபேசிகளே இந்தக் காந்தமுறையில் பேசியவைதான். இதற்கு மின்சாரம் தேவையில்லை, கார்பனுக்குக் கட்டாயம் தேவை. இதைப் பார்க்காமல் இணைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

கார்பனுக்கு 9 வோல்ட் பேட்டரியை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். வில்லையின் தடை 100 ஓம் என்றால் 90 மில்லிஆம்பியர் பாயும், எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி பொரியும் சத்தம்தான் வரும், கொஞ்ச நேரத்தில் துகளும் கெட்டுவிடும். நான் அப்படி ஒரு நல்ல வில்லையை இழந்திருக்கிறேன், அதே மாதிரி இன்னொன்று இன்னும் கிடைக்கவில்லை. நடுவில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள், மின்னோட்டம் 16 மில்லிஆம்பியர் பக்கம் அடங்கிவிடும். ரெசிஸ்டரும் வில்லையும் சேரும் இடத்திலிருந்து ஒரு கெப்பாசிட்டர் வழியாக அரங்கின் ஒலி மிக்ஸருக்கு எடுங்கள். பெரிய கெப்பாசிட்டர் நல்லது என்று நினைக்க வேண்டாம், இங்கே 0.33 மைக்ரோஃபாரட் போதும். மிக்ஸரின் மைக் நுழைவு 1500 ஓம் அளவில் இருந்தால் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதுவே குறைத்துவிடும். டெலிபோனின் கீழ் எல்லை தனி ஃபில்டர் இல்லாமலே வந்துவிட்டது! அப்புறம், கார்பன் மைக்கின் வெளியீடு சாதாரண மேடை மைக்கைவிட மிகப் பலமானது. கெயினை (மிக்ஸர் சிக்னலைப் பெருக்கும் அளவை) அடிமட்டத்தில் வைத்துத் தொடங்குங்கள், மிக்ஸரில் சிக்னலைக் குறைக்கும் ‘பேட்’ சுவிட்ச் இருந்தால் போட்டுவிடுங்கள்.

மிக்ஸர் மைக் வயர் வழியாகவே அனுப்பும் மின்சாரமான ஃபான்டம் பவரை அணைத்துவிட்டுத்தான் எதையும் சொருக வேண்டும். காதுப் பக்க வில்லையை எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை மைக் பிளக்கின் 2, 3 முனைகளுக்கு நடுவே இணைத்திருந்தால் இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ், அதனால் ஆபத்தில்லை. 3-ஐ தரை முனையான 1-உடன் சேர்த்திருந்தால் சுருள் வழியே மின்சாரம் ஓடித் தகட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கும், குரல் நசுங்கிப்போகும்.

பார்க்க அழகாக இருக்கிறதென்று சுருள் வயரை அப்படியே வைத்துக்கொள்ளும் ஆசை எனக்கும் உண்டு. பற்றவைக்கப் போனால்தான் தெரியும். உள்ளே இருப்பது சாதாரணக் கம்பி இல்லை, நூலில் சுற்றிய மெல்லிய செம்புப் பட்டை. சூடு பட்டதும் நூல் கருகும், பட்டை உதிர்ந்து கையோடு வந்துவிடும். போதாததற்கு அந்த வயருக்கு ஷீல்டும் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) கிடையாது, அரங்கின் விளக்குகளிலிருந்து வரும் ‘உர்ர்’ எல்லாம் ஸ்பீக்கரில் கேட்கும். சுருள் வயரை அலங்காரத்துக்குத் தொங்கவிடுங்கள், சிக்னலை ஷீல்டு வயரில் கொண்டுபோங்கள். வில்லையின் மேல் நேராகப் பற்றவைக்கவும் வேண்டாம், அது ஸ்பிரிங் தொடுமுனையில் உட்காரச் செய்தது, பழைய ரிசீவரிலேயே அந்த ஸ்பிரிங் இருக்கும், அதற்கு வயரைப் பிடித்தால் போதும். தகர டப்பாவில் மைக்கின் உடலைச் செய்கிறவர்கள் துளை போடும் மேஜையிலேயே காந்த வில்லையைத் திறந்து வைக்கக் கூடாது. இரும்புத் தூள் போய்த் தகட்டில் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது.

நடிகர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கார்பன் வில்லை படுத்திருந்தால் ஒரு குரல், நிமிர்ந்திருந்தால் ஒரு குரல், ஏனென்றால் துகள்கள் சரிந்து இடம் மாறுகின்றன. ஒத்திகையில் எந்தக் கோணத்தில் பிடித்தார்களோ அதே கோணத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். குரல் மங்கினால் உள்ளங்கையில் லேசாக ஒரு தட்டு, துகள் கலைந்து சரியாகிவிடும். எச்சில் ஈரம் இறங்கினால் துகள் கட்டிப்போகும், துளை மூடிக்கு உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று வையுங்கள். இந்த மைக்கை மேடை மானிட்டரில் (நடிகர்கள் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரில்) விடவே விடாதீர்கள், சட்டென்று ஊளையிடும். ‘ஸ’வும் ‘ஃப’வும் இதில் பாதி தொலைந்துவிடும், பெயர்களையும் எண்களையும் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மைக்கில் ஒரு சுவிட்ச் வையுங்கள். கார்பன் யாரும் பேசாவிட்டாலும் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும், ஒத்திகை முடிந்து அணைக்க மறந்தால் 9 வோல்ட் பேட்டரி இரண்டு நாள் தாங்காது.